நான்கு காட்சியும் ஒரு குண்டும்

பிற்பகல் இரண்டு நாற்பதுக்குத்தான் அது அவள் காதில் தைத்தது.

"கறுத்த ஆள் கதவோரம் நிற்கிறான்."

சொன்னது அவள் குரல். எழுதியதும் அவள்தான். பார்வையற்றவர்களுக்காகத் திரையில் நடப்பதை ஹெட்போனில் விவரிப்பது அவள் தொழில். வசனம் இல்லாத இடைவெளிகளில் மட்டும் பேச வேண்டும். இது முப்பத்தைந்து வருடப் பழைய கொலைப் படம். நான்கு மணிக்குக் காட்சி.

கதாநாயகனை 'அதிகாரி' என்று எழுதியிருந்தாள். பங்களாக்காரரை 'முதலாளி' என்று. நிறம் சொன்னது ஒரே ஒருவனுக்கு. அந்த ஒருவன் அவளுடைய மாமனார்.

பெயரில்லாத, வசனமில்லாத அடியாள் வேடம். நான்கு காட்சி, முடிவில் ஒரு குண்டு. அவருக்குக் கண் போய் ஆறு வருடம். இன்று முன்வரிசையில் உட்காரப் போகிறார்.

"படத்துல அவர் கறுப்புதானேக்கா? இல்லாததையா சொல்லிட்டீங்க?" என்றான் ஒலிப்பதிவாளன்.

"வேற யார் நிறத்தையாவது சொன்னேனா?"

அவன் தலையைச் சொறிந்தான். "வேணும்னா அதிகாரியைச் செவத்த ஆள்னு சொல்லிடலாமா?"

"வெளையாடாதடா. மைக்கைப் போடு."

இடைவெளி ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நொடிதான். 'அடியாட்களில் ஒருவன்' என்று சொல்லிப் பார்த்தாள். பொருந்தியது. மூன்றாவது இடத்தில் வசனத்தின் மேல் ஏறிவிட்டதால் மறுபடி பேச வேண்டியதாயிற்று. நான்கையும் மாற்றி முடிக்க மூன்றே முக்கால்.

அரங்கில் மாமனார் இஸ்திரி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், அவரைப் போலவே பார்வை இல்லாத நண்பர்கள் மூவர்.

"நான் வந்ததும் கை தட்டணும்னு சொல்லி வெச்சிருக்கேம்மா. இவனுங்க தூங்கி மானத்தை வாங்காம இருக்கணும்."

"நீ மொதல்ல வாப்பா, அப்புறம் பாக்கலாம்," என்றார் ஒருவர்.

விளக்கு அணைந்தது. அவளும் அவருக்கு மறுபக்கம் உட்கார்ந்து ஒரு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

"அடியாட்களில் ஒருவன் கதவோரம் நிற்கிறான்."

மாமனார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தப்பித்தோம் என்று மூச்சு விட்டாள். இரண்டாவது காட்சியும் அப்படியே போயிற்று. மூன்றாவதில் அவர் முன்னால் சாய்ந்து ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார்.

வெடிச்சத்தம்.

"அடியாட்களில் ஒருவன் சுவரோடு சரிகிறான்."

அவர் முகம் திரை முழுக்க நிறைந்து, கண்கள் திறந்தபடி நின்றது. யாரும் கை தட்டவில்லை. அடுத்த காட்சி வந்துவிட்டது.

மாமனார் ஒரு காதை விடுவித்து, துழாவி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். விரல்கள் சில்லிட்டிருந்தன.

"ஏம்மா, பாதிப் படத்துக்கு மேல ஓடிடுச்சு போலிருக்கே. நான் இன்னும் வரலையா?"