அன்றைக்கு அவள் அறையில் இருந்தாள்

நாற்பத்தோரு வருஷமாக யாரும் சீண்டாத அக்காவின் இசைத்தட்டுகளை ஒரு கம்பெனி மறுபடி வெளியிடப்போகிறது என்று கடிதம் வந்தது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அதை மூன்று தடவை படித்தார். அக்காவே எழுதி, மெட்டுப் போட்டு, வாடகை அறையில் கிதாரோடு தனியாகப் பாடிப் பதிவுசெய்தவை. அப்போது சீந்துவாரில்லை. அவளுக்கு மிஞ்சிய ரத்த உறவு இந்தத் தம்பிதான். கையெழுத்து வேண்டுமாம்.

கம்பெனியின் ஸ்டுடியோ ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருந்தது. பழைய ஒலிநாடாக்களைச் சுத்தம்செய்யும் பெண் நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

“கடைசிப் பாட்டை அப்ப பாதியிலயே வெட்டிட்டாங்க சார். இப்ப முழுசா போடறோம். நடுவுல ஒரு சத்தம் வருது. வேணாம்னா எடுத்துடறேன்.”

ஹெட்போனை மாட்டிக்கொண்டார். முதலில் அக்கா மூச்சை இழுத்தாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளைப் போல அவ்வளவு கிட்டத்தில். இரண்டாவது சரணத்தில் கதவு தட்டும் சத்தம். வெளியே ஒரு இளைஞனின் குரல்: “அக்கா, அம்மா கூப்பிடறாங்க. வா.”

அவருடைய குரல்தான். பத்தொன்பது வயதில்.

அப்பா விரட்டிவிட்ட மகளை அழைத்துவரச் சொல்லி அம்மா அவரை ரகசியமாக அனுப்பியிருந்தாள். தட்டத் தட்ட அக்கா பாடிக்கொண்டே இருந்தாள். அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குத் திரும்பி, “ரூம் பூட்டியிருக்கும்மா. ஊரை விட்டே போயிட்டாளாம்” என்றார். மூன்றாவது வாரம், காய்ச்சலில் போய்விட்டாள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. ‘அன்னைக்கு அவ ரூம்ல இருந்திருந்தா’ என்று சொல்லிச் சொல்லியே அம்மாவும் போய்ச்சேர்ந்தாள்.

எடுத்துவிடும்மா என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. நாடா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கிதாரைக் கீழே வைக்கும் சத்தம். தாழ்ப்பாள். படியில் தடதடவென்று கால்கள்.

“தம்பி? இருடா. பாதியில நிறுத்த முடியலடா. இதோ வந்துட்டேன்.”

கால்கள் திரும்பி வந்தன, மெதுவாக. இருமினாள். அத்தோடு நாடா நின்றது.

“யாரு சார் அது?”

“நான்தாம்மா.”

அந்தப் பெண் பொத்தான் மேல் விரலை வைத்தாள். “எடுத்துடட்டுமா?”

“வேணாம். கடைசி வரைக்கும் இருக்கட்டும்.”

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். “இதை அத்தை உயிரோட இருந்தப்ப சொல்லியிருக்கணும்” என்றாள். மறுபடி காய் நறுக்கத் தொடங்கினாள்.

இசைத்தட்டு வெளிவந்து நன்றாகப் போனது. ஒருநாள் கடைக்கு வந்த வாடிக்கையாளர் அந்தப் பாட்டை முணுமுணுத்தார்.

“கடைசியில ‘தம்பி’ன்னு கூப்பிடறாங்க பாருங்க சார். மனசைப் பிசையுது. அவன் திரும்பி வந்திருப்பானா?”

கண்ணாடிக் கடைக்காரர் புதுக் கண்ணாடியை அவர் மூக்கில் பொருத்தி, சுவரிலிருந்த எழுத்து அட்டையைக் காட்டினார்.

“கீழ் வரி தெரியுதா, பாருங்க.”