குழலில் சொருகிய கத்தி

மூடுபனி தன் துப்பாக்கியின் நுனியையே விழுங்கிவிட்டதாக அம்புரோஸ் டக்கெட்டுக்குத் தோன்றியது. அவன் காவல் நின்ற சாலிஸ்பரி மேட்டில் அப்போதுதான் விடிந்திருந்தது. விடிந்தது என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். கறுப்பாக இருந்தது வெளுப்பாக மாறியிருந்தது, அவ்வளவே. இடது கை விரல்களுக்கிடையே, துப்பாக்கியைப் பற்றவைக்கும் திரி கனன்றுகொண்டிருந்தது. அவன் நடுங்கும்போதெல்லாம் தோள்வாரில் தொங்கிய வெடிமருந்துக் குப்பிகள் ஒன்றோடொன்று முட்டிக் கடகடத்தன. இந்தச் சத்தத்தோடு ஒரு படை எப்படி எதிரியை நெருங்கும் என்று அவன் பலமுறை யோசித்ததுண்டு. ஆனால் அரசருக்கு யோசனை சொல்ல அவனை யாரும் கூப்பிடவில்லை.

நேற்று மாலை ஜெத்ரோ வந்து, படையை விட்டு ஊருக்கு ஓடப்போவதாகச் சொல்லியிருந்தான். அம்புரோஸின் மனைவி டார்கஸுக்கு ஒரே தம்பி அவன். தனக்குப் பிறந்த குழந்தையின் முகத்தை ஜெத்ரோ இன்னும் பார்க்கவில்லை. ஓடுகிறவனைக் காவல்காரன் சுட வேண்டும். விட்டுவிட்டால் ஓடியவனுக்கு வைத்த கயிறு காவல்காரன் கழுத்துக்கு வரும். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போ, என் பக்கம் மட்டும் வந்து தொலைக்காதே என்று அம்புரோஸ் படித்துப் படித்துச் சொன்னான்.

செவிடன் காதில் ஊதிய சங்குதான். பனிக்குள்ளிருந்து வெள்ளைச் சட்டையோடு ஜெத்ரோ வந்து நின்றான். கையிலிருந்த சிவப்புக் கோட்டை முட்புதரில் மாட்டி, சுருக்கம் நீவி, பொத்தான்களைப் போட்டான். கோட்டு கர்னல் தன் காசில் படைக்குத் தைத்துக் கொடுத்தது. அதோடு ஓடினால் திருட்டுப் பட்டமும் சேரும்.

"ஒரு நூலக்கூட எடுத்துட்டுப் போகல மச்சான். அக்காகிட்ட சொல்லு."

"போடா மாப்ள. சார்ஜன்ட் வர்ற நேரம்."

"சுட மாட்டியே?"

அம்புரோஸ் தன் கையைக் குனிந்து பார்த்தான். அவன் பயந்தது சார்ஜன்டுக்கு அல்ல, தன் கைக்கு. பயிற்சித் திடலில் அடித்து அடித்துப் பழக்கிய கை அது. 'சுடு' என்று கேட்டால் போதும், அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தானே வேலையை முடித்துவிடும். அந்த நேரங்களில் அது யாருடைய கையோ என்று அவனுக்குத் தோன்றும்.

ஜெத்ரோ பனியில் கரைந்தான். பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. அம்புரோஸ் இடுப்பிலிருந்து கத்தியை உருவி, அதன் மரப்பிடியைத் துப்பாக்கிக் குழலுக்குள் சொருகி, உள்ளங்கையால் ஓங்கி அடித்து இறுக்கினான். சொருகிவிட்டால் துப்பாக்கி வெறும் ஈட்டிதான். சுட்டால் குழல் வெடித்து முகம் போகும். இனி கை என்ன செய்யும் பார்க்கலாம் என்று நினைத்தான். மனம் சற்று லேசானது.

சார்ஜன்ட் குரௌடர் முதலில் பார்த்தது புதரை. "தொப்பி எங்கடா?" என்று கோட்டை அதட்டினார். பதில் வராததால் ஈட்டிக்கோடரியால் ஒரு குத்து விட்டார். கோட்டு காற்றுப் போய்த் தொங்கியது. அம்புரோஸுக்குச் சிரிப்பு வந்தது. அவர் திரும்பிய விதத்தில் அது செத்தது. சரிவில் வெள்ளையாக ஏதோ நகர்வதை அவர் பார்த்துவிட்டார்.

"சுடுடா."

"கத்தி சொருகியிருக்குங்கய்யா. குதிரைச் சத்தம் கேட்டுச்சு."

சார்ஜன்ட் காது கொடுத்துக் கேட்டார். எங்கோ ஓர் ஆட்டுமணி ஒலித்தது.

"ஆட்டு மணிதான் உனக்குக் குதிரப்படையா? உருவுடா."

கத்தி வரவில்லை. ஈரத்தில் பிடி ஊறி இறுகியிருந்தது. அவர் பார்க்கிறாரே என்று உயிரைக் கொடுத்து இழுத்தான். வரக்கூடாது என்று மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டே இழுத்தான். கடைசியில் சார்ஜன்ட் துப்பாக்கிக் கட்டையைத் தொடைகளுக்கிடையே இடுக்கிக்கொள்ள, பசுவுக்குப் பேறு பார்ப்பவர்களைப் போல இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். பட்டென்று கழன்றது. அம்புரோஸ் மல்லாக்க விழுந்தான்.

அவன் எழுந்தபோது பனியும் எழுந்திருந்தது. கீழே புல்வெளி முழுக்க ஆடுகள் மேய்ந்தன. எல்லாமே வெள்ளை, எல்லாமே பனியில் பாதி மிதந்தன. எது ஆள், எது ஆடு என்று சார்ஜன்ட் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடினார். தப்பித்தான் என்று அம்புரோஸுக்கு நெஞ்சு நிறைந்தது.

அப்போது அந்த வெள்ளைகளில் ஒன்று நின்றது. திரும்பியது. புதருக்குப் பின்னால் நின்ற சார்ஜன்டை அது பார்த்திருக்காது. போய்வருகிறேன் என்று, நன்றி என்று, கையை நன்றாக உயர்த்தி ஆட்டியது.

"ஆடு கை ஆட்டாது," என்றார் சார்ஜன்ட் மெதுவாக. "சுடு."

கை எழுந்தது. திரியைத் துப்பாக்கியின் கவ்வியில் பொருத்தியது. வாய்கூட அதன் பேச்சைக் கேட்டு, திரியின் சாம்பலை ஊதியது. மேலே, இன்னும் மேலே என்று அம்புரோஸ் கையிடம் கெஞ்சினான். வெடித்தது.

மந்தை சிதறி ஓடியது. புகை முகத்தில் அடித்து, பனியோடு சேர்ந்து சரிவை மூடிக்கொண்டது. கை கடைசியில் யார் பேச்சைக் கேட்டது என்று அவனுக்குத் தெரியவில்லை. புகைக்குள்ளிருந்து ஆடுகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டு மேட்டின் மறுபக்கம் ஏறின. இரண்டு காலில் ஏறும் ஒன்றை அம்புரோஸ் தேடிக்கொண்டே நின்றான்.