நிற்கிறாள்

...நின்றாள் என்றுதான் தேர்வுத் தாளில் எழுதியிருக்கிறேன், மடித்தாள், குனிந்தாள், பார்த்தாள், மொத்தம் பதினொரு வினைச்சொல், பதினொன்றையும் பேராசிரியை பென்சிலால் வட்டமிட்டிருக்கிறார். கலை வரலாற்று வகுப்பின் முதல் நாளே சொன்ன விதி, ஓவியர் வரைந்தார், ஓவியத்தில் இருப்பவள் நிற்கிறாள், வரைந்தவர் செத்து முந்நூறு வருஷம் ஆகியிருக்கலாம், அவள் இன்னும் நிற்கிறாள். எனக்குத் தெரியாததா? போன வருஷம் வகுப்பில் முதல் மதிப்பெண் நான்தான். "நாலு மணிக்குள்ள திருத்திக் கொடுத்துடுப்பா, இல்லேன்னா இந்தப் பேப்பரை அடுத்த வருஷம்தான் எழுதணும், என்னால அவ்வளவுதான் முடியும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல், கண்ணாடியைத் துடைத்தபடி. அவருக்கு விஷயம் தெரியும். துறையில் எல்லோருக்கும் தெரியும். இப்போது மணி மூன்றேகால்.

படம் காட்டும் அறையில் புரொஜெக்டர் இரைகிறது, திரையில் அந்தப் பெண், கையில் போர்வை. பக்கத்து நாற்காலியில் பீரோ, ஆளின் அகலத்துக்கு வகுப்பு வைத்த பெயர், "எங்களுக்கெல்லாம் ஒற்றுப்பிழைடா, உனக்கு மட்டும் காலப்பிழையா?" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான், பரவாயில்லை, சிரிப்பு வந்திருந்தால் சிரித்திருப்பேன்.

நின்றாளை அடித்தேன். நிற்கிறாள். எத்தனை பாடுபட்டுப் படித்த இறந்தகாலம், பெயரைப் பார்... என் மனைவி போய் ஏழு மாதம், முதல் இரண்டு மாதம் "அவளுக்குக் காரம் ஆகாது", "அவள் ஜன்னல் பக்கம்தான் படுப்பாள்" என்றே வாயில் வரும், எதிரே இருப்பவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள், அக்காதான் போனில் நறுக்கென்று சொன்னாள், "ஆகாதுன்னு சொல்லாதடா, ஆகாம இருந்துச்சு. சொல்லிப் பழகு. நீ பழகாம நாங்க யாரும் பழக முடியாது." பழகினேன். பல் தேய்க்கும்போது சொல்லிப் பார்த்தேன், இருந்தாள், படுத்தாள், சிரித்தாள், பிறகு வீட்டுக்காரரிடம், மருந்துக்கடையில், எங்கும் தடுமாறவில்லை. கெட்டிக்காரன், எதையும் சீக்கிரம் பிடித்துக்கொள்வேன்... வாயிலிருந்து கைக்கும் இறங்கிவிட்டது போல, தேர்வில் எழுதும்போது ஒரு சொல்கூட உறுத்தவில்லையே, ஏன் உறுத்தவில்லை?

எட்டு, ஒன்பது. குனிகிறாள். பார்க்கிறாள். யாரை? இடது பக்கம், படச்சட்டத்துக்கு வெளியே. தனியாகப் போர்வை மடித்தாள் என்று எழுதியிருக்கிறேன், பேராசிரியை மடித்தாளை மட்டும் வட்டமிட்டிருக்கிறார், தனியாகவை விட்டுவிட்டார். ஆனால் துணி தொய்யவில்லை... ஒரு முனை அவள் கையில், மறுமுனை சட்டத்தோடு வெட்டுப்பட்டு மறைகிறது, விறைப்பாக, கயிறு கட்டியதுபோல. பிடிக்க ஆளில்லாமல் துணி அப்படி நிற்காது. தனியாகவை அடித்தேன். அதற்குமேல் பேனா நகரவில்லை.

பேராசிரியை வாசலில் வந்து நின்று தாளுக்குக் கை நீட்டினார். "முடிஞ்சுதா?"

"ஒண்ணே ஒண்ணு பாக்கி மேடம்." திரையின் இடது ஓரத்தைக் காட்டினேன். "அந்தப் பக்கம் ஒருத்தர் பிடிச்சிட்டு இருக்கணும். படத்துல இல்லாதவருக்கு எந்தக் காலம் போடறது?"

அவர் திரையைப் பார்த்தார்.

"அதுக்கு நான் எதுவும் சொல்லித் தரலையேப்பா" என்றார், நீட்டிய கையை இறக்கிக்கொண்டு.