பாதி உத்தரம்

நியாயம் எங்கள் பக்கம்தான் இருந்தது. இன்றைக்கு யார் கேட்டாலும் அடித்துச் சொல்வேன். வீடு போனது என்னால்தான். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

என் வீட்டுக்காரர் ஜேசுதாசன் அந்தமானில் சாத்தம் மரமில்லில் தச்சர். ஃபீனிக்ஸ் பே மேட்டில், ரோட்டைப் பார்த்தாற்போல, சர்க்கார் எங்களுக்கு லைசென்ஸில் ஒரு மனை கொடுத்திருந்தது. 1966இல் பலசரக்குக் கடை நூர்முகம்மது பாய் ஒருநாள் வந்து உட்கார்ந்தார்.

"மனை உங்களுது. மரமும் தகரமும் நான் போடுறேன். வேலை ஜேசுதாசன் பாத்துக்கட்டும். கட்டுறதுல ஆளுக்குப் பாதி. என்னம்மா தங்கச்சி?"

கீழே இரண்டு கடை, மேலே கப்பல் ஆட்களுக்கு வாடகைக்கு விட இரண்டு அறை. ஒரு கடையும் ஓர் அறையும் எங்களுக்கு. பின்னால் நாங்கள் குடியிருந்த வீடு அப்படியே இருக்கும். இதையெல்லாம் காகிதத்தில் எழுதியவள் நான். தூத்துக்குடியில் கன்னியாஸ்திரீகளிடம் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் என்ற திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. கடைசி வரியில் 'எல்லாம் சரிபாதி' என்று எழுதி, அதற்கடியில் கோடும் போட்டேன். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஞானஸ்நானச் சீட்டுகளோடு அதையும் தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

மில் வேலை முடிந்து வந்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, என் வீட்டுக்காரர் அந்தக் கட்டடத்தை எழுப்பினார். முன்பக்க உத்தரம் ஒரே நீளப் படாக் மரம், சிவந்த வைரம். அதைத் தூக்கி வைத்த அன்று பாய் எல்லாருக்கும் பாயசம் கொடுத்தார். நாங்களும் மனதாரக் குடித்தோம்.

கடை திறந்ததும் பாயின் மச்சான் ஜெய்னுதீன் எங்கள் பங்குக் கடையில் மூட்டைகளை இறக்கினான். அடுத்த கப்பல் வரும்வரைக்கும்தான் என்றார் பாய். கப்பல் வந்தது, போனது, மறுபடியும் வந்தது. ஜெய்னுதீன் அசையவில்லை. கேட்டால் சிரிப்பான். ஒருநாள் எங்கள் பூட்டைக் கழற்றிவிட்டுத் தன் பூட்டை மாட்டினான். எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே வக்கீல் வீட்டுக்குப் போனேன்.

வக்கீல் மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்தவர். காகிதத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "இது போதும்மா. கேஸே இதுதான்" என்றார். மனையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

விசாரணைக்கு முந்தின வாரம் பாய் எங்கள் வீட்டுப் படியேறி வந்தார். உட்காரவில்லை.

"தங்கச்சி, மச்சான் செஞ்சது தப்பு. ஒரு மாசத்துல கிளப்பி விடுறேன், அல்லா மேல ஆணை. அந்தக் காகஸை மட்டும் கோர்ட்டு கச்சேரியில வைக்காதே."

"ஏன், பயமா இருக்கோ?"

"ஆமா, பயம்தான். இது சர்க்கார் ஜமீன், நிலம் நம்மளுது இல்லை. அடுத்தவனுக்குப் பங்கு குடுத்தோம்னு நம்மளே எழுதி வச்சிருக்கோம். அது வெளிய வந்தா உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ரெண்டு பேருமாச் சேந்து கிழிச்சுப் போட்டுருவோம்."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் வாயிலேயே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அவர் போனதும் என் வீட்டுக்காரர் கேட்டார்: "ஏட்டி ரீத்தா, பாய் சொல்லுதது நெசமா இருந்தா?"

"அவரு பக்கம் நெசம் இருந்தா நம்ம படியேறி ஏன் வாறாரு? தோத்துருவோம்னு தெரிஞ்சு போச்சு. நீங்க சும்மா இருங்க."

அவர் சும்மா இருந்தார்.

கோர்ட்டில் காகிதத்தை நானே எடுத்துக் கொடுத்தேன். நீதிபதி படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு மனையின் லைசென்ஸைக் கேட்டார். அதன் பின்பக்கம் இங்கிலீஷில் பொடி எழுத்தாக ஏதோ அச்சடித்திருக்கும். நாங்கள் ஒருநாளும் யாரையும் படிக்கச் சொன்னதில்லை. வக்கீல் அதைப் படித்தார். படிக்கப் படிக்க அவர் குரல் இறங்கியது. அனுமதியில்லாமல் மனையில் வேறு யாருக்கும் பங்கோ உரிமையோ கொடுத்தால் லைசென்ஸ் ரத்து. எதிர்ப்பக்கத்து பெஞ்சில் பாய் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். ஜெய்னுதீன்கூடச் சிரிக்கவில்லை.

கேஸ் தள்ளுபடியானது. இரண்டாம் மாதம் பியூன் நோட்டீஸைக் கதவில் ஒட்டிவிட்டு, "ஜமீன் வாபஸ், பஹன்" என்று இந்தியில் சொல்லிப் போனான்; நிலம் சர்க்காருக்கே திரும்பிவிட்டது. முப்பது நாளில் கடை, அறை, பின்னால் இருந்த வீடு எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டு போய்விட வேண்டும். மனுமேல் மனு எழுதினேன். என் எழுத்து அழகாகத்தான் இருந்தது.

கட்டியவரே பிரித்தார். ஆப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தார். ஒரு பலகைகூட விரிசல் விடவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கடைசி நாள் பாய் கைவண்டியோடு வந்தார். பலகை, தூண், தகரம் எல்லாவற்றையும் இரண்டு குவியலாகப் போடச் சொன்னார். அவருக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. அவர் பணத்தில் வாங்கிய மரம்; முழுவதையும் அள்ளிக்கொண்டு போயிருந்தாலும் கேட்க எங்களுக்கு வாயில்லை. முடிவில் முன்பக்க உத்தரம் மட்டும் ஒற்றையாகக் கிடந்தது.

"அறுத்துரு ஜேசுதாசா" என்றார் பாய்.

"பாய், நல்ல மரம். முழுசா இருந்தாத்தான் உதவும். நீங்களே கொண்டு போங்க."

"இல்லப்பா. எல்லாம் சரிபாதின்னு தங்கச்சி எழுதியிருக்கு. கோடு வேற போட்டிருக்கு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார். அவர் நடுவில் நூல் பிடித்துக் கோடு போட்டு, முழங்காலை மரத்தின்மேல் ஊன்றி அறுத்தார். சிவப்புத்தூள் அவர் வேட்டியெல்லாம் விழுந்தது.

இப்போது மின்னி பேயில் நாத்தனார் சூசைமேரி வீட்டுச் சார்ப்பில் குடியிருக்கிறோம். எங்கள் பாதி மரம் அவள் வேலியோரம் மழையில் கிடக்கிறது. ஊன்ற ஒரு சாண் நிலம் இல்லை. பாதி உத்தரத்தில் சூசைமேரி துணி துவைக்கிறாள்.