மஃரிபு நேரத்துக் கரண்டு

பக்கீர் முகைதீன் பிளக்கைப் பிடுங்கினான். பெட்டியில் சிவப்பு விளக்கு அணைந்து பச்சை பற்றியது. காதில் வைத்திருந்த ரிசீவரில் டயல் சத்தம் அறுபடவேயில்லை. திரும்பச் சொருகினான்; அப்போதும் அறுபடவில்லை. பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு வந்ததிலிருந்து இதே கூத்துத்தான். சோதிக்கும்போது பூனை மாதிரி இருக்கிற பெட்டி, ஆளுக்கு அவசரமான நேரத்தில் கழுத்தை அறுக்கிறது.

போனுக்கு மின்சாரம் கொடுக்கும் அந்தப் பெட்டி, கல்முனைக்குடியில் கச்சிமுகம்மது நடத்தும் கொமினிகேஷன் கடையினுடையது; ஊர்க்காரருக்கு வெளிநாட்டுக் கோல் வருவது அங்கேதான். அதற்குள் இரண்டு வழியால் மின்சாரம் வரும்: ஒன்று கரண்டு, மற்றது மேசைக்கடியில் கிடக்கும் பெற்றரி. உள்ளே எட்டுக்கால் ஐ.சி. ஒன்று காவல் இருக்கிறது. கரண்டு போனால் கண் இமைக்குமுன் பெற்றரிக்கு மாற்றிவிடுவது அதன் வேலை.

அப்படியிருந்தும் போன மாதம் ரியாத்திலிருந்து அவன் பொண்டாட்டி நதீரா எடுத்த கோல் பாதியில் செத்தது. "இஞ்ச பாருங்க, உங்களுக்கிட்ட ஒண்டு சொல்லணும்" என்றாள், அவ்வளவுதான். அவள் வேலை செய்யும் வீட்டுக்காரி பகலில் தூங்கும் நேரம் பார்த்து, மாதத்தில் ஒருமுறைதான் அவளால் எடுக்க முடியும். அவள் சொல்ல வந்தது என்னவாக இருக்கும் என்று பக்கீர் முகைதீனுக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிகிறது, நோன்புக்கு வருகிறேன் என்பதாகத்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக் குசினிக்குச் சுண்ணாம்புகூட அடித்துவிட்டான். அவள் குரலுக்கு அப்படி ஏங்கிப்போய்க் கிடந்தான்.

"எத்தின தரம்டா புடுங்குவாய்? பிளக்கு தேஞ்சி போகும்" என்றார் கச்சிமுகம்மது.

"இண்டைக்கு அவ கோல் எடுப்பா, காக்கா. இண்டைக்கும் அறுந்தா எனக்கு விசர்தான் புடிக்கும்."

"அண்டைக்குக் கரண்டு போகவுமில்லயே. பல்புதான் மங்கிக் கிடந்த."

பக்கீர் முகைதீன் நிமிர்ந்து பார்த்தான். பொழுதுபட்டு மஃரிபுத் தொழுகை நெருங்கினால் ஊர் முழுக்க ஒரேயடியாக விளக்குப் போடும். கரண்டு இருக்கும், ஆனால் இழுத்துக்கொண்டு கிடக்கும். ஐ.சி. கரண்டா பெற்றரியா என்று அங்குமிங்கும் தாவும். இவனோ பட்டப்பகலில், நல்ல கரண்டில், பிளக்கைச் சுத்தமாகப் பிடுங்கிப் பார்த்திருக்கிறான். எத்தனை றேடியோ திருத்தியவன், அட மடையா என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

றேடியோக்களைச் சோதிக்கும் பல்பை எடுத்துவந்து, கரண்டை அதன் வழியாகப் பெட்டிக்கு விட்டான். கரண்டு மெலிந்தது. சிவப்பும் பச்சையும் மாறிமாறித் துடித்தன. டயல் சத்தம் அறுந்தது. மூடியைக் கழற்றினான். மாறும் அந்த ஒரு நொடிக்கு மின்சாரத்தைத் தாங்கிப் பிடிக்கவேண்டிய கண்டென்சர், உப்புக்காற்றில் கால் துருவேறி, தலை வீங்கி நின்றது. பழைய றேடியோ ஒன்றிலிருந்து நல்லதைக் கழற்றிப் பற்றவைத்தான். மறுபடி பார்த்தான். விளக்குகள் துடித்தன, சத்தம் அசையவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் கச்சிமுகம்மது.

மஃரிபு பாங்குக்குச் சற்று முன்னர் போன் மணி அடித்தது.

"நான்தான். புள்ளயள் சுகமா?" என்றாள் நதீரா.

தலைக்கு மேலே பல்பு மங்கியது. பெட்டியில் இரண்டு விளக்கும் துடித்தன. கோல் அறவில்லை.

"எல்லாரும் சுகம். போன முற என்னமோ சொல்ல வந்தாய். சொல்லு புள்ள, இனி அறாது."

நதீரா குரலைத் தாழ்த்தினாள்.

"நான் நோன்புக்கு வர ஏலா. பாஸ்போட்ட தரமாட்டாங்களாம். வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் நிக்கட்டாம்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"அதக் கேட்டதுக்குத்தான் மெடம் அடிச்ச." பிறகு, "கேக்குதா உங்களுக்கு?"

"கேக்குது."

அவள் மூக்கை உறிஞ்சுவது, முக்காட்டையோ எதையோ வாயில் பொத்திக்கொண்டு விம்முவது எல்லாம் பக்கத்தில் நிற்கிற மாதிரிக் கேட்டன. அந்த வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் அரபியில் அதட்டினாள். நதீரா அழுகையை ஒரே மிடறாக விழுங்கினாள்.

"நஅம், மெடம்" என்று அழுத சுவடே இல்லாமல், பணிந்து ஓம் சொன்னாள்.

எட்டு வருஷம் அவளோடு குடும்பம் நடத்தியவன், அந்தக் குரலை இன்றுதான் கேட்டான்.