ஐஸ் வண்டி நிற்காத வீடு

மகன் ஆர்வில் பகல் ரயிலில் வருகிறான். படையில் இரண்டே நாள் விடுப்பு. அவனுக்காகவே ஹில்டா பிராண்ட் இறைச்சிக்கான சிவப்பு ரேஷன் சீட்டுகளைச் சேர்த்துவைத்து, கொழுப்பு விளிம்புள்ள மாட்டிறைச்சித் துண்டொன்றை நேற்று வாங்கியிருந்தாள். அந்த இறைச்சி இருந்த மர ஐஸ்பெட்டியிலோ, பனிக்கட்டி உள்ளங்கையளவாகக் கரைந்துவிட்டது. ஸ்கிரான்டன் நகரத்து ஜூலை வெயில் சும்மா விடுமா? மின்சாரக் குளிர்பெட்டி செய்த ஆலைகளெல்லாம் பீரங்கி செய்யப் போய்விட்டன. பழுதாகிக் கிடக்கும் அவளுடைய மின்பெட்டிக்கு உதிரிபாகம் கேட்டால், "போர் நடக்கறது தெரியாதா?" என்று கடைக்காரன் பாடம் நடத்துகிறான். யாருக்கு? பெற்ற மகனைப் போருக்கு அனுப்பிய தாய்க்கு!

குளம்போசை கேட்டது. ஐஸ்காரன் ஃபுஸ்கோவின் குதிரை வண்டி வந்தது; நிற்காமலே போயிற்று.

"ஃபுஸ்கோ! நில்லுய்யா!"

ஹில்டா வாசலுக்கு ஓடிவருவதற்குள் வண்டி மூலை திரும்பிவிட்டது. எதிர்வீட்டு ஓப்பல் சிரித்தாள்.

"ஏன்டி, ஐஸ்காரனோட ஓடிப்போறதா உத்தேசமா?"

"அம்பது பவுண்டு ஐஸ் வேணும்னு ஜன்னல்ல அட்டை வெச்சிருக்கேன். பாக்காமப் போறான்டி!"

"எந்த அட்டை? கொடிதான தெரியுது."

ஹில்டா திரும்பிப் பார்த்தாள். வீட்டுப்பிள்ளை படையில் இருப்பதைத் தெருவுக்குச் சொல்லும் நீல நட்சத்திரக் கொடியை அன்று காலைதான் துவைத்து, இஸ்திரி போட்டு, பெருமையோடு மாட்டியிருந்தாள். அட்டை அதன் பின்னால் இருந்தது! அட்டை தெரியாத வீட்டில் எந்த ஐஸ்காரன் நிற்பான்?

"உன் பெட்டில கொஞ்சம் இடம் குடுடி, ஓப்பல்."

"மீன் வெச்சிருக்கேன். உன் கறியும் சேந்து நாறும், பரவாயில்லையா?"

வேறு வழியின்றி, ஹில்டா இறைச்சியை ஈரத்துணியில் சுற்றி நிலவறைக்கு எடுத்துச் சென்றாள். ரயில் ஊதியது. ஆர்வில் வந்துவிட்டான்!

சற்று நேரத்தில் மறுபடியும் குளம்போசை! இறைச்சியும் கையுமாகவே அவள் வெளியே பாய்ந்தாள். வண்டியின் ஈரச் சாக்குகள்மேல், சீருடை சொட்டச் சொட்ட, ஐஸ் இடுக்கியை ஏந்தியபடி ஆர்வில் உட்கார்ந்திருந்தான்.

"ஸ்டேஷன் வாசல்ல மடக்கிட்டாரும்மா!" என்றான் ஃபுஸ்கோ. "உங்க வீட்ல இன்னிக்கு ஐஸ் வேணாமாம், அட்டையே இல்லைன்னேன். கேக்கவே மாட்டேங்கறாரு."

"நான் வர்ற அன்னிக்கு எங்கம்மா ஐஸ் வேணாம்பாளா? திருப்புய்யா வண்டியன்னேன்!"

"நின்னு பேசாதடா! மொதல்ல ஐஸக் கொண்டுபோய் உள்ள வை, கறி கெட்டுடும்!" என்று கத்தினாள் ஹில்டா.

ஆனால் கத்திய வேகத்திலேயே அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவன் எப்படி உள்ளே போவான்?