கடைசியாகப் பார்த்த தேதி

தான் இரங்கல் எழுதி வழியனுப்பி வைத்த கருவியைச் செய்தவரிடமிருந்தே மறுநாள் காலை மின்னஞ்சல் வந்தபோது, கடிதக்காரிக்குக் குடித்த காப்பி உள்ளேயும் இறங்கவில்லை, வெளியேயும் வரவில்லை.

"வணக்கம். நான் நலம். கருவியும் நலம். மலர்வளையத்துக்கு நன்றி" என்று எழுதியிருந்தார். கீழே புனைபெயர்: ஆமை.

கடிதக்காரி என்பது அவளுக்கு அந்தக் கூட்டம் வைத்த பெயர். இணையதளம் கட்டுவதற்கான ஃப்ரேம்வொர்க் என்கிற அடித்தள மென்பொருள் ஒன்றைப் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து, சம்பளம் வாங்காமல், சண்டை மட்டும் குறைவில்லாமல் போட்டுக்கொண்டு வளர்த்து வருகிறார்கள். நிரல் எல்லார் பார்வைக்கும் திறந்தே கிடக்கும்; யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தம் சொல்லலாம். அதில் இந்த வாரம் என்ன புதுசு, அதோடு பொருத்திக்கொள்ள ஆளாளுக்குச் செய்து தருகிற குட்டிக் கருவிகளில் எது உருப்படியானது, எது வெறும் சவடால் என்று வெள்ளிதோறும் கடிதம் எழுதி அனுப்புகிறவள் இவள். ஆறு வருடமாக ஒரு வெள்ளி தவறியதில்லை. பிள்ளை பெற்ற வாரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே அனுப்பினாள். யாராவது கேட்டால் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள்.

ஆமையின் கருவி சின்னது. நீளமான படிவம் ஒன்றைப் பாதி நிரப்பியிருக்கும்போது இணைப்பு அறுந்தால், தட்டியதெல்லாம் காற்றோடு போகாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அதைக் கடைசியாக மாற்றி இரண்டு வருடம் ஏழு மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதம் கை வைக்காத நிரலைச் சந்தேகமாகப் பார்க்கிற தொழில் இது. தேதியைப் பார்த்தாள், ஆள் கைகழுவிவிட்டார் என்று தீர்மானித்தாள், கடிதத்தின் 'விடைபெற்றவை' பகுதியில் நாலு வரி உருக்கமாக எழுதியும் விட்டாள். அதைப் படித்துவிட்டுத் துடைப்பம் களத்தில் இறங்கியது. அதிகாரபூர்வக் கருவிப் பட்டியலைக் கூட்டிப் பெருக்கி வைத்திருக்கிறவருக்கு அந்தப் பெயர். அடுத்த வெள்ளி நண்பகலுக்குள் யாரும் காரணத்தோடு மறுக்காவிட்டால் இந்தக் கருவி நீக்கப்படும் என்று அறிவித்துவிட்டார். நீக்கினால் ஃப்ரேம்வொர்க்கின் அடுத்த பதிப்பில் அது இருக்காது.

உயிரோடு இருந்ததைத் தானே குழியில் இறக்கிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. ஆமையைப் போனில் பிடித்தாள்.

"ஒரே ஒரு வரி மாத்துங்க. விளக்கத்துல ஒரு கமா போட்டாக்கூடப் போதும். தேதி புதுசாயிடும். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

"அங்க கமா தேவைப்படலையேங்க."

"தேவைக்கு இல்லைங்க. உயிரோட இருக்குன்னு காட்டத்தான்."

"உயிரோட இருக்கறதைக் காட்ட நான் அப்பப்ப இருமணுமா?" என்றார் ஆமை. குரலில் கோபமே இல்லை. "தப்பு இருந்தா சொல்லுங்க, ஒரு மணி நேரத்துல சரி பண்ணித் தரேன். இல்லாத தப்பை நான் எங்க போய்த் தேடறது?"

இவ்வளவு வீம்பு ஆகாது என்று அவளுக்குச் சுள்ளென்று வந்தது. சரி, தப்பை நானே கண்டுபிடித்துத் தருகிறேன், அப்புறம் மாற்றித்தானே ஆகவேண்டும் என்று வரிந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். படிவம் நிரப்பும்போதே இணைப்பைப் பிடுங்கினாள். மடிக்கணினியைப் பட்டென்று மூடினாள். ஒரே படிவத்தை மூன்று ஜன்னல்களில் திறந்து மூன்றிலும் வேறு வேறு பொய் எழுதினாள். மாமியாரின் பழைய போனை வாங்கி, பேட்டரி சாகும்வரை புகார்க் கடிதம் ஒன்றை அதில் தட்டினாள். எல்லாம் எழுத்துப் பிசகாமல் திரும்பி வந்தது.

செவ்வாய்க்கிழமை நிரலையே படித்தாள். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு வரி. வேண்டாத வரி ஒன்றுகூட இல்லை. பார்த்தால் அசட்டுத்தனமாகத் தெரிந்த ஓர் இடத்தில் மட்டும் குறிப்பு இருந்தது: 'பழைய போன் வைத்திருப்பவர்களுக்காக. தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள்.' முந்தைய வருடங்களில் வந்த கேள்வி ஒவ்வொன்றுக்கும், அதே நாளில், மரியாதையாகப் பதில் சொல்லியிருந்தார். எத்தனையோ பேருடைய நிரலைப் படித்தவள் அவள். இப்படி ஒன்றைப் படித்ததில்லை. பொறாமையாக இருந்தது, அதைவிட அதிகமாக, வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை சாப்பாட்டு மேசையில் புருஷனிடம் கொட்டித் தீர்த்தாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரெண்டு வருஷமா ஒண்ணும் மாத்தலைன்னா நல்ல சாமான்னுதானே அர்த்தம்?" என்றான்.

"எங்க ஆளுங்ககிட்ட அது செல்லாது. நீங்க இன்னைக்கு லிஃப்ட்ல என்ன மாத்தினீங்க?"

"ஒண்ணும் மாத்தலை."

"அப்ப நாள் பூரா என்னதான் பண்ணீங்க?"

"பார்த்தேன். பார்த்துட்டு, நல்லா இருக்குன்னு அட்டையில தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஏறப்போறவனுக்கு எப்ப மாத்தினாங்கங்கறதா முக்கியம்? எப்ப பார்த்தாங்கங்கறதுதான்."

கடிதக்காரி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்துபோய்த் துடைப்பத்துக்கு எழுதினாள்: பட்டியலில் 'கடைசியாக மாற்றிய தேதி'க்குப் பக்கத்தில் 'கடைசியாகப் பார்த்த தேதி' என்று ஒரு கட்டம் வேண்டும். பார்த்தவர் பெயரும் வேண்டும். முதல் பெயர் என்னுடையது.

துடைப்பம் லேசில் மசிகிற ஆள் இல்லை. "யோசனை சரி. தப்பாக எழுதிய நீங்களே கையெழுத்தும் போட்டால் எப்படி? வேறு பத்துப் பேராவது பார்க்கட்டும். கெடு மாறாது."

ஆறு வருடத்தில் முதல்முறையாகக் கடிதம் வியாழக்கிழமையே போனது. அதில் ஒரே ஒரு விஷயம்தான்: 'போன வாரம் தப்பாக எழுதினேன். தேதியைப் பார்த்தேன், கருவியைப் பார்க்கவில்லை. அதைச் செய்தவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இதைப் பயன்படுத்துகிறவர்கள் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, கண்டதைக் கண்டபடி கீழே எழுதுங்கள். இந்த வாரம் வேறு செய்தி இல்லை.'

அன்று சாயங்காலம்வரை நான்கு பேர். வெள்ளி காலை எட்டு மணிக்கு ஒன்பது. அவள் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் முப்பது. அப்புறம் மடை திறந்தது. பள்ளிக்கூடச் சேர்க்கைப் படிவம், ரத்த வங்கி, தொலைந்த நாய்களைத் தேடும் தளம், கப்பல் மாலுமிகள் விடுப்புக் கேட்கும் தளம். 'நான்கு வருடமாக ஓடுகிறது, இதன் ஞாபகமே எனக்கு வந்ததில்லை' என்று ஒருவர். பதினொன்றே முக்காலுக்குத் துடைப்பம் நீக்கும் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, இருநூற்றுப் பதினேழாவது பெயராகத் தன் பெயரையும் போட்டார்: 'என் தளத்திலும் இருக்கிறது. இன்றுதான் கவனித்தேன்.'

பிற்பகலில் ஆமையிடமிருந்து கடிதம் வந்தது.

"பட்டியலை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்தேன். இரண்டு வருடம் ஏழு மாதமாக என்னிடம் யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. நன்றாக ஓடுவதால் சொல்லவில்லையா, யாருமே பயன்படுத்தாததால் சொல்லவில்லையா என்று எனக்குத் தெரியவே தெரியாது. கேட்கக் கூச்சமாக இருந்தது. உங்கள் இரங்கலைப் படித்த அன்று, இரண்டாவதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்."